வவுச்சரா, வரிக்கழிவா, கல்விக் கணக்கா: அமெரிக்கப் பெற்றோர் எந்தச் சட்டத்தைக் கேட்பது?

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை வழங்கும் சட்டம் தங்கள் மாநிலத்திலும் வர வேண்டும் என்று பெற்றோர் குழுவொன்று திரள்கிறது. கையெழுத்துக் கேட்கிறார்கள், மாநிலத் தலைநகருக்கு வரச் சொல்கிறார்கள், சட்டமன்றக் குழுவின் முன் இரண்டு மூன்று நிமிடம் சாட்சியம் சொல்ல அழைக்கிறார்கள். ஆனால் குழுவுக்குள்ளேயே ஒருவர் அரசே பள்ளிக்கட்டணத்தைத் தரும் வவுச்சர் போதும் என்கிறார், மற்றொருவர் நன்கொடையாளருக்கு வரியில் சலுகை தந்து உதவித்தொகை திரட்டும் வரிக்கழிவுதான் பாதுகாப்பு என்கிறார், மூன்றாமவர் அரிசோனாவைக் காட்டி, பெற்றோரின் கணக்கிலேயே பணம் போடும் கல்விச் சேமிப்புக் கணக்குதான் வேண்டும் என்கிறார். எதற்குத் துணை நிற்பது என்பதே கேள்வி.

பெரும்பாலோர் ஆண்டுக்கு எத்தனை டாலர் என்பதை முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தொகையை எந்த ஆண்டும் திருத்தலாம். சட்டத்தின் வடிவத்தை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது. கடந்த 35 ஆண்டுகளில் பெற்றோர் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டங்கள் வீழ்ந்த இடங்களைப் பார்த்தால், பல இடங்களில் வடிவம் அந்த மாநிலத்துக்குப் பொருந்தாததே காரணமாக இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மாநில அரசியலமைப்புச் சட்டம். சமயப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்ற பழைய விதிகளே பெருந்தடை என்று பலர் இன்னும் எண்ணுகிறார்கள். மொன்டானாவைச் சேர்ந்த தாய்மார் தொடுத்த எஸ்பினோசா வழக்கில், தனியார் கல்விக்கு உதவ முன்வரும் மாநிலம் சமயப் பள்ளியைச் சமயத்தின் பேரால் விலக்கக் கூடாது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்ததோடு அந்தத் தடை பெரிதும் தளர்ந்துவிட்டது. இன்று சட்டங்களை வீழ்த்துபவை வேறு சொற்றொடர்கள். ‘ஒரே சீரான பொதுப் பள்ளி முறை’ என்பது ஃப்ளோரிடாவில் வீழ்த்தியது. தனியார் கல்விக்கு ‘நேரடிப் பயன்’ தரலாகாது என்பது தென் கரோலினாவில் வீழ்த்தியது. கல்விக்கெனத் திரட்டும் பணம் பொதுப் பள்ளிக்கே என்னும் பிரிவு கென்டக்கியில் வீழ்த்தியது. உங்கள் மாநிலச் சட்டத்தின் கல்விப் பிரிவு அதிகம் போனால் இரண்டு மூன்று பக்கம் இருக்கும். குழுவில் ஒருவராவது அதை வரி விடாமல் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சட்டமன்றம் நிறைவேற்றியதை மக்கள் வாக்கெடுப்பால் நீக்க முடியுமா என்பது. அரிசோனாவிலும் நெப்ராஸ்காவிலும் முடியும். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் அவ்வழி இல்லை.

மூன்றாவது, சேர்க்கும் உரிமை யாருடையது என்பது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களைத் தமிழ்நாட்டில் கண்டவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேரும். அங்கே இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். குலுக்கலில் வந்த பிள்ளையைப் பள்ளி ஏற்றாக வேண்டும். அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றில் பணம் பிள்ளையோடு வரும், இடம் தருவது பள்ளியின் விருப்பம். இந்த ஒரு வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றுகிறது.

நான்காவது, குடும்பத்தின் மேல் வந்து விழும் சுமை: உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி, போக்குவரத்து, ரசீதுக் கணக்கு, விட்டுக்கொடுக்கும் உரிமைகள்.

## வவுச்சர்

மாநிலக் கருவூலத்திலிருந்து பள்ளிக்கட்டணமாகவே போய்ச்சேரும் தொகை இது. இதன் தொடக்கம் 1990-இல் மில்வாக்கி. விஸ்கான்சின் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினரும் தனித்தாயாகப் பிள்ளைகளை வளர்த்தவருமான பாலி வில்லியம்ஸ், கறுப்பினப் பெற்றோரின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு, குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்ப்சனோடு கைகோத்தார். முதல் ஆண்டில் ஏழு பள்ளிகள், முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், தலைக்குச் சுமார் 2,500 டாலர். வறுமைக்கோட்டின் 175 விழுக்காட்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் என்ற விதியும் இருந்தது. கிளீவ்லாந்தின் வவுச்சரை 2002-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றபோது, சமயப் பள்ளிக்குப் போகும் முடிவு பெற்றோருடையதே அன்றி அரசுடையது அன்று என்ற வாதம் நிலைபெற்றது.

வவுச்சரின் வலிமை அதன் எளிமை. பெற்றோர் ரசீது சேர்க்க வேண்டியதில்லை. அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதால் பள்ளிக்கு நிபந்தனை விதிப்பதும் எளிது: குலுக்கல் சேர்க்கை, தேர்வு முடிவு வெளியீடு, உதவித்தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற தடை முதலியன. ஏழைக் குடும்பத்துக்கு இந்த நிபந்தனைகளே உண்மையான பாதுகாப்பு.

அந்த நேரடித்தன்மையே நீதிமன்றத்தில் பலவீனமாகிறது. 1999-இல் வந்த ஃப்ளோரிடாவின் வாய்ப்பு உதவித்தொகை, பெற்றோரிடம் வேர்விட்ட பிறகு, 2006-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அரிசோனாவில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் வளர்ப்புக் காப்பகப் பிள்ளைகளுக்கும் தரப்பட்ட வவுச்சர்கள் 2009-இல் வீழ்ந்தன.

நிதி ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் நம்பியிருப்பது மற்றொரு மறைசெலவு. தலைநகர் வாஷிங்டனில் வர்ஜீனியா வால்டன் ஃபோர்டு போன்ற தாய்மார் திரட்டிய ஆதரவால் 2004-இல் பிறந்த திட்டத்தில், 2009-இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. 216 குடும்பங்களுக்கு அறிவித்த உதவித்தொகை திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் மீண்டும் தெருவுக்கு வந்து, 2011-இல்தான் திட்டம் உயிர்பெற்றது. சட்டம் நிறைவேறிய அன்றே பெற்றோர் குழு கலைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

## வரிக்கழிவு உதவித்தொகை

இதில் அரசு பணம் கொடுப்பதில்லை. தனியாரோ நிறுவனமோ உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைக்கு நன்கொடை அளிப்பார்கள். அத்தொகை அவர்கள் கட்ட வேண்டிய மாநில வரியிலேயே, முழுதாகவோ பகுதியாகவோ, கழியும். வருமானத்தில் கழிக்கும் சலுகையோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. 1997-இல் அரிசோனா முதன்முதலில் கொண்டுவந்தது. பணம் கருவூலத்துக்குள் வரவே இல்லை, ஆகவே அது பொதுப்பணம் அன்று என்பதே இதன் சட்டக் கவசம். 2011-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், இதை எதிர்த்து வழக்காட வரிசெலுத்துவோர் என்ற தகுதி மட்டும் போதாது என்று கூறியபோது கவசம் தடித்தது. ஃப்ளோரிடாவில் வவுச்சர் வீழ்ந்தும் 2001-இல் தொடங்கிய வரிக்கழிவுத் திட்டம் வளர்ந்துகொண்டே போனது. அதை எதிர்த்து ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்குக்கு எதிராக 2016 ஜனவரியில் மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் திரண்ட பல்லாயிரவரிடையே, கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் மகன் மூன்றாம் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அடுத்த ஆண்டு வழக்கு முடிவுக்கு வந்தது.

ஆனால் கவசம் எல்லா மாநிலத்திலும் தாங்காது. கென்டக்கி உச்ச நீதிமன்றம் 2022-இல் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. இலினாய் மாநிலச் சட்டத்தில் காலாவதித் தேதி எழுதப்பட்டிருந்தது. 2023 இறுதியில் சட்டமன்றம் நீட்டிக்காமல் விட்டதும் 9,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உதவித்தொகை நின்றது. நீதிமன்றம் தொடவே இல்லை, நாட்காட்டியே முடித்துவிட்டது. சட்ட வரைவில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை.

குடும்பத்துக்கான மறைசெலவு, தொகையின் நிச்சயமின்மை. நன்கொடை எவ்வளவு வருகிறதோ அவ்வளவே பங்கு. அரிசோனாவில் அறக்கட்டளை நிர்வாகச் செலவுக்கு 10 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். தன் பிள்ளைக்கே தான் நன்கொடை கொடுக்க முடியாது. ‘என் பிள்ளைக்கு நீங்கள், உங்கள் பிள்ளைக்கு நான்’ என்ற மாற்று ஏற்பாடும் சட்டவிரோதம். நம் நண்பர் வட்டங்களில் இந்த யோசனை விளையாட்டாக எழுவதைக் கேட்டிருக்கிறேன்; விளையாட்டாகக்கூட வேண்டாம். பள்ளி மீதான கட்டுப்பாடும் இங்கே பொதுவாகக் குறைவு.

## கல்விச் சேமிப்புக் கணக்கு

அரிசோனாவின் வவுச்சர் 2009-இல் வீழ்ந்ததன் விளைவாகப் பிறந்தது இது. பணத்தைப் பள்ளிக்குக் கொடுத்தால்தானே சிக்கல், பெற்றோரின் கணக்கில் போட்டு, கட்டணம், தனிப்பயிற்சி, பாடநூல், சிகிச்சைப் பயிற்சி என எதற்கும் செலவிட விட்டால் என்ன என்ற சிந்தனையில் 2011-இல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் ஏற்றது. பேச்சுப் பயிற்சிக்கும் செயல்திறன் பயிற்சிக்கும் அலைந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அது உண்மையில் பெரிய விடுதலை. இந்த வடிவம் மிகச் சிறப்பாகப் பொருந்துவது அவர்களுக்குத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து நடந்ததைப் பெற்றோர் குழுக்கள் கூர்ந்து படிக்க வேண்டும். 2017-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திட்டத்தை விரித்தார்கள். எதிர்த்தவர்களும் பெற்றோரே. ‘சேவ் அவர் ஸ்கூல்ஸ் அரிசோனா’ என்ற அமைப்பின் தொண்டர்கள் கோடை வெயிலில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 2018 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் விரிவாக்கத்தை நிராகரித்தார்கள். 2022-இல் சட்டமன்றம் மீண்டும் விரித்தது, இம்முறை எதிர்ப்பாளர்களுக்குக் கையெழுத்துப் போதவில்லை. சுமார் 12,000 பேர் இருந்த திட்டம் இரண்டே ஆண்டுகளில் 75,000-ஐக் கடந்தது. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பான்மையோர் பொதுப் பள்ளியில் படித்திராத பிள்ளைகள். அதாவது ஏற்கெனவே கட்டணம் கட்டிக்கொண்டிருந்த வீடுகள். எதிர்த்தரப்பு இன்றுவரை எடுத்துக்காட்டும் முதல் உண்மை அதுவே. பாலி வில்லியம்ஸும் மில்வாக்கித் திட்டத்தின் வருமான வரம்பு பின்னாளில் தளர்த்தப்பட்டதை வெளிப்படையாக எதிர்த்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நெவாடா வேறொரு பாடம். 2015-இல் அனைவருக்குமான கணக்குச் சட்டம் நிறைவேறியது. வடிவம் செல்லும், ஆனால் பொதுப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து எடுத்தது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது; தனி நிதி ஒருபோதும் ஒதுக்கப்படவில்லை, ஒரு பிள்ளையும் பயன்பெறாமல் 2019-இல் சட்டம் நீக்கப்பட்டது.

டெக்சாஸில் 2023 நவம்பரில் கீழவை 84-க்கு 63 என்ற வாக்கில் இத்திட்டத்தை மசோதாவிலிருந்து நீக்கியது. ஆளுநரின் கட்சியைச் சேர்ந்தவர்களிலேயே 21 பேர் இத்திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஊரகத் தொகுதியினர் பலர்: தனியார் பள்ளியே இல்லாத ஊரில் உதவித்தொகையால் என்ன பயன், மாவட்டப் பள்ளியோ ஊரின் பெரிய வேலைவாய்ப்பு. 2024 உட்கட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் தோற்ற பிறகே 2025-இல் நூறு கோடி டாலர் ஒதுக்கீட்டோடு சட்டம் வந்தது. தனியார் பள்ளிக்குச் சுமார் 10,000 டாலர், மாற்றுத்திறன் பிள்ளைக்கு 30,000 வரை, வீட்டுக்கல்விக்கு 2,000 வரை. 2026–27 கல்வியாண்டில் நடைமுறைக்கு வரும் வகையில் எழுதப்பட்டது.

இந்த வடிவத்தின் மறைசெலவு நேரம். ஒவ்வொரு செலவுக்கும் ஒப்புதல், ரசீது, மறுக்கப்பட்டால் முறையீடு. இரண்டு வேலை பார்க்கும் வீட்டில் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

## மூன்றுக்கும் பொதுவான ஒரு விலை

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம், பொதுப் பள்ளியில் அப்பிள்ளைக்குத் தனிக்கல்வித் திட்டத்தை உரிமையாக்குகிறது. பெற்றோர் தாமாகவே தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை பிள்ளையோடு சேர்ந்து வராது. உதவித்தொகைக்குக் கையெழுத்திடும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை மாநிலமே எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதியை மசோதாவில் சேர்க்கச் சொல்வது பெற்றோர் குழுவின் கடமை.

மதிப்பெண்ணைப் பற்றியும் சாட்சியத்தில் அளந்து பேச வேண்டும். வாஷிங்டன் திட்டத்தின் 2010 மதிப்பீட்டில் உதவித்தொகை வாய்ப்புக் கிடைத்தவர்களில் 82 விழுக்காட்டினரும் கிடைக்காதவர்களில் 70 விழுக்காட்டினரும் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள். தேர்வு மதிப்பெண்ணில் உறுதியான உயர்வு காணப்படவில்லை. லூசியானாவிலோ வவுச்சர் பெற்றவர்களின் கணக்கு மதிப்பெண் தொடக்க ஆண்டுகளில் சரிந்தது. ‘மதிப்பெண் உயரும்’ என்று உறுதி கூறும் பெற்றோரை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் மடக்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வவுச்சர் | வரிக்கழிவு | கல்விக் கணக்கு |
|---|---|---|---|
| நீதிமன்றத்தில் தாங்கும் திறம் | பல மாநிலங்களில் குறைவு | பெரும்பாலும் மிகுதி. கென்டக்கி விலக்கு | நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது |
| தொகையின் நிச்சயம் | ஒதுக்கீடு உள்ளவரை உறுதி | நன்கொடையைப் பொறுத்தது | ஒதுக்கீடு உள்ளவரை உறுதி |
| பள்ளிக்கு நிபந்தனை விதித்தல் | எளிது | கடினம் | இடைப்பட்டது |
| பெற்றோரின் வேலை | குறைவு | விண்ணப்பம் மட்டும் | மிகுதி |
| வீட்டுக்கல்வி, சிகிச்சைப் பயிற்சி | இல்லை | பொதுவாக இல்லை | உண்டு |

## அண்மையில் சேர்ந்த இரண்டு வழிகள்

ஓக்லஹோமாவும் அலபாமாவும் பெற்றோருக்கே நேரடியாக வரிக்கழிவு தருகின்றன. கட்ட வேண்டிய வரியைவிடக் கழிவு மிகுந்தாலும் முழுத் தொகையும் குடும்பத்தின் கல்விச் செலவுக்குக் கிடைக்கும். இடையில் அறக்கட்டளை இல்லை என்பது நன்மை. வரி விவரம் தாக்கல் செய்யாத, செய்யத் தயங்கும் ஏழைக் குடும்பங்கள் விடுபட்டுப்போகும் என்பது குறை.

மற்றொன்று கூட்டாட்சி வரிக்கழிவு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2027 ஜனவரி முதல் ஒருவர் ஆண்டுக்கு 1,700 டாலர் வரை உதவித்தொகை அறக்கட்டளைக்குக் கொடுத்து, அதை முழுதும் கூட்டாட்சி வரியில் கழித்துக்கொள்ளலாம். வட்டார இடைநிலை வருமானத்தின் மும்மடங்கு வரை ஈட்டும் குடும்பத்துப் பிள்ளைகள் தகுதியுடையவர்கள். பொதுப் பள்ளி மாணவரின் தனிப்பயிற்சி போன்ற செலவுகளுக்கும் பணம் போகலாம். ஆனால் மாநிலம் விரும்பிச் சேர்ந்தால்தான் அங்குள்ள அறக்கட்டளைகளுக்கு இடம். சட்டமன்றத்தில் பெரும்பான்மை கிடைக்காத மாநிலப் பெற்றோருக்கு இதுவே மிக மலிவான போராட்டம்: மாநில நிதி கேட்க வேண்டியதில்லை, சேரும்படி கேட்டால் போதும்.

## எந்த இடத்தில் எது

மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு வழி இருந்தால், அனைவருக்குமான பெருந்திட்டத்தை முதலிலேயே கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 நவம்பரில் நெப்ராஸ்கா வாக்காளர்கள் 57 விழுக்காட்டு வாக்கோடு உதவித்தொகைச் சட்டத்தை நீக்கினார்கள். அதே நாளில் கென்டக்கியில், பொதுப் பள்ளிக்கு வெளியேயான கல்விக்கு அரசு நிதி தர வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் ஏறத்தாழ 65 விழுக்காட்டினரால் மறுக்கப்பட்டது. இரண்டுமே குடியரசுக் கட்சி வலுவாக உள்ள மாநிலங்கள் என்பதால், ஆளுங்கட்சியின் ஆதரவை மக்கள் ஆதரவாக எண்ணிக்கொள்வது தவறு. இத்தகைய மாநிலத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கோ குறைந்த வருமானக் குடும்பங்களுக்கோ வரையறுத்த சிறு திட்டம் நிற்கக்கூடும்.

‘சீரான பொதுப் பள்ளி முறை’ போன்ற விதியை மாநில நீதிமன்றம் கடுமையாகப் பொருள்கொண்டிருந்தால் வரிக்கழிவே நல்லது. நகர்ப்புற ஏழைப் பெற்றோரே குழுவின் பெரும்பகுதியாக இருந்து, அருகில் பள்ளிகளும் இருந்தால், குலுக்கல் விதியும் கூடுதல் கட்டணத் தடையும் கொண்ட வவுச்சரைவிட மேலானதை நான் காணவில்லை. வீட்டுக்கல்விக் குடும்பங்களும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் மிகுந்த குழுவுக்குக் கல்விக் கணக்கு. ஆனால் நிதி எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை மசோதாவில் கண்ணால் பார்த்த பிறகு. ஊரகத்தில் இருப்பவர்கள் இவை மூன்றையும் விட்டுவிட்டு, பக்கத்து மாவட்டப் பொதுப் பள்ளியில் சேர வழிசெய்யும் திறந்த சேர்க்கைச் சட்டத்தைக் கேட்பது அவர்கள் பிள்ளைகளுக்கு விரைவாகப் பயன்தரும்.

## விசாவில் இருப்பவர்களுக்கு

ஹெச்-1பி விசாவிலோ அதைச் சார்ந்த விசாவிலோ இருக்கும் பெற்றோர் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அவரைச் சந்திக்கலாம், குழுவின் முன் சாட்சியம் சொல்லலாம். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் வாக்கெடுப்புக் கோரும் மனுவில் பதிவுபெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம், தெரியாமல் இட்டாலும் பின்னாளில் குடியேற்ற விண்ணப்பத்தில் தொல்லை வரக்கூடும். பச்சை அட்டை இல்லாதவர் எந்த வேட்பாளரின் தேர்தல் நிதிக்கும் பணம் கொடுக்கக் கூடாது. கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எல்லாவற்றுக்கும் இத்தடை பொருந்தும். பெற்றோர் குழு நன்கொடை கேட்டால், அது கல்விப் பணிக்கான அமைப்பின் கணக்குக்குப் போகிறதா, தேர்தல் செலவுக் குழுவின் கணக்குக்குப் போகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.